ஊற வைக்காத ரீடு

விஜயகுமாரியோடு அரங்கநாதன் முப்பது வருஷம் குப்பை கொட்டியதற்குத் துணை, ஒரு துண்டு நாணல்.

கரும்பு வேலை இல்லாத நாளில் அவர் திருவாண்டார்கோயில் பேண்டு செட்டில் கிளாரினெட் ஊதுவார். அதன் வாய்முனையில் மாட்டும் நாணல் ரீடை முதலில் பத்து நிமிஷம் வாயில் ஊற வைக்க வேண்டும். வாயில் ரீடு இருந்தால் பேச முடியாது. மனைவி எதைக் கேட்டாலும் ரீடு வாய்க்குள் போய்விடும். பத்து நிமிஷம் ஒரு மணி நேரமாகும். தேவைப்பட்டால் ஒரு நாளே ஆகும்.

ஒரு வாரமாக அவள் கேட்பது ஒன்றுதான். "ஞாயித்துக்கிழமை தம்பி வூட்ல பேத்திக்குக் காது குத்தறாங்க. அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசுங்க."

மதகடிப்பட்டில் கடை வைத்திருக்கும் அவள் தம்பி வீரமணி, போன வருஷம் ஒரு கல்யாணத்தில், "மாமா ஊதறதுக்கு லாரி ஹாரனே தேவல" என்றான். அவனாகப் பேசாமல் தான் பேசுவதில்லை என்று அரங்கநாதன் சபதம் போட்டார். சபதத்துக்குக் காவல், ரீடு.

செவ்வாய்க்கிழமை கூரியரில் ஒரு சின்ன டப்பா வந்தது.

"சென்னையிலேர்ந்து நம்ம பொண்ணு அர்ச்சனா அனுப்பினாளா?"

"பிரிச்சிதான் பாருங்களேன்."

உள்ளே பிளாஸ்டிக் ரீடு.

"பிளாஸ்டிக்கா! இதுல நாதமா வரும்? நாத்தந்தான் வரும்."

நகத்தால் தட்டினார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். மோந்தார். நக்கினார். புது வாளி ருசி. வைத்துவிட்டு நாலடி நடந்தார். திரும்பி வந்தார்.

விஜயகுமாரி செல்போனை அரிசி மூட்டைமேல் சாத்திவிட்டுக் கீரை ஆய்ந்தாள்.

மாட்டினார். ஊதினார். எடுத்த எடுப்பில் பேசியது. மேல் ஸ்தாயிக்குப் போனார். பிசிறே இல்லை. பக்கத்து வீட்டு மாடு அசை போடுவதை நிறுத்தியது.

"அடியே குமாரி! இது ஊறவே வேணாம்டி!"

"வாயில வெச்சிக்கவே வேணாமா?"

"வேணாம்! எடுத்தமா ஊதினமான்னு இருக்குது! அனுப்பின புண்ணியவதி நல்லா இருக்கணும்!"

"அப்ப வாய் காலிதான்" என்று போனை நீட்டினாள். "தம்பி லைன்ல இருக்கான். பேசுங்க."

அரங்கநாதன் சட்டென்று பிளாஸ்டிக் ரீடைக் கழற்றி வாயில் போட்டுக்கொண்டார்.

"இப்பதான ஊறவே வேணாம்னீங்க?"

துப்பினார்.

"மாமா" என்றது போன். "அரை மணியா கேட்டுக்கினு இருக்கேன். லாரி ஹாரன்னு சொன்ன வாயில நானே போட்டுக்கறேன். இன்னாமா ஊதறீங்க! அக்கா ரீடு சைஸ் சொன்னாங்க, நான்தான் வாங்கி அனுப்பினேன். ரீடு செட்டாச்சா?"

அரங்கநாதன் போனைப் பார்த்தார். ரீடைப் பார்த்தார். தூக்கி எறிந்திருக்கலாம். ஆனால் அந்த மேல் ஸ்தாயி!

"...செட்டாச்சி மச்சான்."

"ஞாயித்துக்கிழமை நீங்கதான் மாமா ஊதறீங்க."

போன் வைத்ததும் ரீடு வைக்கும் பெட்டியைத் திறந்தார். காலி.

"பழைய ரீடுங்க எங்கடி?"

"கத்திரி நாத்துக்கு முட்டுக் குடுத்துட்டேன்." விஜயகுமாரி கீரையை ஒதுக்கிவிட்டு மணையை இழுத்துப் போட்டாள். "இப்டி வந்து உக்காருங்க. முப்பது வருஷத்துக் கேள்வி பாக்கி இருக்குது."