வெண்கலத்தின் தும்மல்

"ஏழாம் நடைமேடையிலிருந்து புறப்படவிருக்கும் பேருந்து..." என்று முழங்கிய குரல் அங்கேயே முறிந்தது. பின்னால் ஒரு தும்மல் வந்தது. தும்மலின் பின்னால் ஒரு நாற்றம் வந்தது.

தும்மலை நிலையமே கேட்டது. நாற்றம் அவர் ஒருவருக்கே எட்டியது.

அவர் பேருந்து நிலையத்தின் பிற்பகல் அறிவிப்பாளர். அவர் குரலுக்கு மயங்கியவர்கள் சூட்டிய பெயர் 'வெண்கலம்'. அந்த வெண்கலம், மைக்கின் தலையில் மாட்டியிருந்த பஞ்சுக் குல்லாவில் மூக்கு உரச, ஈயம்போல் உருகி நின்றது. நனைந்த சாக்குக்குள் முட்டை உடைந்தாற்போன்ற நாற்றம் அது!

தும்மல் மன்னனுக்கும் வரும், மண் சுமப்பவனுக்கும் வரும். ஆயினும் மனிதன் தன் உடலைக் கண்டு தானே நாணுகிறானே, அந்த நாணத்தைவிடக் கொடிய விலங்கு எந்தச் சிறையிலும் இல்லை. வெண்கலம் அதைத் தாமே பூட்டிக்கொண்டார்.

வீட்டுக்குப் போனதும் மனைவியை எதிரே அமர்த்தி, மூக்கில் காகிதத் திரி நுழைத்துத் தும்மிக் காட்டினார்.

"நாறுதா?"

"இல்லீங்களே."

"மறைக்காதடி."

"உங்க காலுறை நாறுனப்ப ஊருக்கே கேக்கச் சொன்னவ நான். தும்மலுக்கா தயங்கப் போறேன்?"

கட்டியவளின் கருணை என்று எண்ணி, அவர் மேலும் குறுகினார்.

மறுநாள் மருத்துவர் மூக்கிலும் தொண்டையிலும் விளக்கடித்துப் பார்த்தார்.

"மூக்குப் பக்கத்து அறைகள்ல சளி தங்கிக் கெட்டுப்போனா தும்மல் நாறும். தொண்டைச் சதையில அழுக்கு சேர்ந்து கல்லானாலும் நாறும். சொத்தைப் பல்லு, காய்ஞ்ச வாய் இதெல்லாமும் காரணம். உங்களுக்கு இதுல ஒண்ணுமே இல்ல."

"அப்ப பேர் வைக்காத நோயா டாக்டர்?"

"நோயே இல்லைங்கறேன், போய்ட்டு வாங்க!"

போனார். வாய் நிறையக் கிராம்பை அடக்கிக்கொண்டு மைக்கின் முன் அமர்ந்தார். அவர் கடித்த ஒவ்வொரு கிராம்பும் பன்னிரண்டு ஒலிபெருக்கிகளிலும் கடகடத்தது. பேருந்தின் அச்சு முறிந்ததென்று பயணிகள் இறங்கி ஓடினர்.

அடுத்த நாள் தும்மலை அடக்கினார். அடக்கிய தும்மல் அறிவிப்பைக் குழப்பியது. மூன்றாம் நடைமேடைக்காரர்கள் மூட்டை முடிச்சோடு ஒன்பதுக்குப் போனார்கள், ஒன்பதுக்காரர்கள் மூன்றுக்கு வந்தார்கள், நடுவழியில் முட்டிக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் அறைக் கதவைத் திறந்தவர் திடுக்கிட்டார். மேசைமேல் ஒரு சென்ட் பாட்டில்!

காலை முறைக்கு வரும் அறிவிப்பாளர் அம்மையார் வைத்தது அது. ஒரே அறை, ஒரே நாற்காலி, ஒரே மைக். ஆனால் அவர் ஒன்றரைக்குப் போவார், இவர் இரண்டுக்கு வருவார். ஆறு ஆண்டுகளாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

'என் நாற்றம் மறுநாள் காலை வரை நிற்கிறது. பாவம், அதை மறைக்கவே பூசுகிறார்!' வெண்கலத்தின் காது மடல்கள் எரிந்தன. அந்தச் சென்டையே எடுத்துத் தம்மேல் தெளித்துக்கொண்டார். விளைவு, அடுக்கடுக்காகப் பதினொரு தும்மல், பதினொன்றும் மைக்கிலே!

நிலைய மேலாளர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "என்னய்யா வெண்கலம், பேருந்து நிலையமா, வெடிக்கடையா?"

"மன்னிச்சிடுங்க ஐயா. என் தும்மல் நாறுது. காலையில வர்ற அம்மாகூடத் தாங்க மாட்டாம சென்ட் அடிக்கிறாங்க. என்னைச் சரக்கு அறைக்கு மாத்திடுங்க. மூட்டைங்களுக்கு மூக்கு கிடையாது."

மேலாளர் மைக்கின் சிவப்பு விளக்கைப் பார்த்தார். "அடப்பாவி, அதை அணைக்கலையா?"

வெளியே பன்னிரண்டு நடைமேடைகளும் கொல்லென்று சிரித்தன. பயணச்சீட்டு வரிசையில் எவனோ வேண்டுமென்றே தும்மினான். சிரிப்பு இரட்டித்தது.

பூமி பிளந்து விழுங்காதா என்றிருந்தது அவருக்கு. பிளக்கவில்லை. மைக்கை அணைத்தார். மாற்றல் விண்ணப்பம் எழுதத் தொடங்கினார். இருபதாண்டுக் குரலுக்குத் தம் கையாலேயே மரண ஓலை! கண்ணீர் சொட்டிக் கையெழுத்து கலைந்தது.

அப்போது வாளியும் துடைப்பமுமாகத் துப்புரவுக்கார அம்மாள் வாசலில் வந்து நின்றாள். அவள் தலைக்கு மேலே, 'மைக்கை எவரும் தொடலாகாது' என்ற பலகை தொங்கியது. வெண்கலம் தம் கைப்பட எழுதி மாட்டியது அது. அவள் இடுப்பில் செருகியிருந்த ஒரு காகிதத்தை எடுத்து மேலாளரிடம் நீட்டினாள். சென்ட் மணம் அறையெங்கும் வீசியது.

"காலையில வர்ற அம்மா அழுதுகிட்டே குடுத்துட்டுப் போனாங்க ஐயா, அவங்க தும்மல்தான் நாறுதாம், அவங்களும் சரக்கு அறைக்கே போறாங்களாம்; இவரு அந்தப் பலகைய எறக்கினா, பதினோரு வருஷமாத் தண்ணி காணாத அந்தப் பஞ்சுக் குல்லாவ இப்பவாச்சும் நான் துவைச்சுப் போட்டுடுவேன்!"