எம்.பி. அண்ணையின் எம்.பி.

எதுவுமே செய்யாத ஒரு மனிதரின் புகழைப் பரப்ப எம்.பி. அண்ணை பட்ட பாட்டை இந்த ஜெர்மனியில் வேறெவரும் பட்டிருக்க முடியாது.

அண்ணை எசன் நகரத்தில் பஸ் சாரதி. அகதி முகாமில் இருந்த காலத்தில், லண்டனுக்குப் போகும் எண்ணத்தோடு இங்கிலிஷ் படிக்கப் பழைய சாமான் சந்தையில் ஒரு கிழிந்த புத்தகம் வாங்கினார். லண்டன் சரிவரவில்லை. புத்தகத்தில் கிழியாமல் மிஞ்சியிருந்த பக்கங்களில் வந்த, நானூறு வருடத்துக்கு முந்திய இங்கிலாந்து எம்.பி.யான ஒரு கிராமத்துக் கனவான் மட்டும் அவரோடு தங்கிவிட்டார்.

"உந்தாள் பார்லிமெண்டில என்ன கதைச்சவர் அண்ணை?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒண்டும் கதைக்கேல்லை."

"ரெண்டு தரம் எம்.பி.யா இருந்துமோ?"

"ரெண்டு தரமும் கதைக்கேல்லை. அந்த நிதானம் இப்ப ஆருக்கு இருக்கு?"

சாரதியோடு பேச வேண்டாம் என்ற அறிவிப்பு பஸ் பயணிகளைக் காப்பாற்றியது. எங்களைக் காப்பாற்ற ஒன்றும் இருக்கவில்லை. கல்யாண வீடுகளில் மைக் எப்படியோ அவர் கைக்குப் போய்விடும்.

"தம்பி, மாமனாரோட பகைக்காதேங்கோ. எங்கட எம்.பி. மாமனாற்ற தயவிலதான் பார்லிமெண்டுக்குப் போனவர்" என்று ஒரு மாப்பிள்ளைக்குப் புத்தி சொன்னார். துப்புரவுக் கம்பனி நடத்தும் மாமனார் சாப்பாட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு என் அம்மா இறந்தார். அப்பா அழவுமில்லை, வாய் திறக்கவுமில்லை. வந்தவர்கள் சொன்ன ஆறுதல் எதுவும் அவர் காதில் ஏறவில்லை. எம்.பி. அண்ணை வேலை முடிந்து சீருடையோடு வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். செத்த வீட்டில் அவர் என்ன சொல்லுவார் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். அவர் கவனிக்கவில்லை.

"ஐயா, ஒருநாள் பக்கத்துக் காணிக்காரன்ர மான் வேலி பாய்ஞ்சு வந்து இவற்ற பட்டாணிச் செடியெல்லாத்தையும் திண்டிட்டுது."

சாவுக்கு வந்த இடத்தில் மான் கதையா என்று உறவினர்கள் முகம் சுளித்தார்கள். அப்பா மெதுவாகத் திரும்பினார்.

"பிறகு மானை என்ன செய்தவர்?"

"வழக்குப் போட்டவர் ஐயா."

"வெண்டவரோ?"

"தீர்ப்பு வர முதல் மான் வயசு போய்ச் செத்திட்டுது."

அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே அழத் தொடங்கினார். நெடுநேரம் அழுதபின், குடிக்கத் தேத்தண்ணி கேட்டார்.

அதன்பின் அண்ணை தினமும் வந்து அந்த மகானின் வாழ்க்கையைத் தொடர்ந்தார். ஒரு மாலை கதை முதல் தேர்தலைத் தாண்டியது. எத்தனையோ கல்யாணங்களில் கேட்டு எங்களுக்கு மனப்பாடமான இடம் அது: அடுத்ததாகக் கனவானின் மனைவி காய்ச்சலில் இறந்துபோவார். அண்ணை நிறுத்தி, அப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

"பிறகு?" என்றார் அப்பா.

"பிறகென்ன ஐயா, ரெண்டாந்தரமும் எலெக்சன் கேட்டவர். மனுசிதான் வாசல்ல நிண்டு வழியனுப்பினது."