இன்னும் ஓடாத குதிரைக்கு மார்க்

எனக்குக் குதிரையைப் பற்றித் தெரிந்ததெல்லாம், முன்பக்கம் கடிக்கும், பின்பக்கம் உதைக்கும் என்பதுதான். அப்படிப்பட்ட நான் ஒரு குதிரைப் போட்டியில் நடுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மார்க் எழுதினேன் என்றால், முட்டாள்தனத்துக்குக் கோப்பை கொடுக்கும் நாளில் என்னை மறக்கக்கூடாது.

காரணம் என் கல்யாணம். பத்திரிகை அடித்தாகிவிட்டது, லீவு மட்டும் வரவில்லை. எங்கள் ஷார்ஜா கம்பெனியின் முதலாளி பொள்ளாச்சிக்காரர். ஐம்பது வயதுக்குமேல் கௌபாய் தொப்பி வாங்கி, 'ரெய்னிங்' என்ற குதிரை வித்தையில் இறங்கியிருந்தார். குதிரை பாய்ந்து வந்து சறுக்கி நிற்க வேண்டும். நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்ற வேண்டும்.

"ஏப்பா, போட்டியில ஜட்ஜுக்கு எழுத ஆள் பத்தலையாமா. வர்றியா?"

"சார், என் லீவு..."

"மொதல்ல போட்டி முடியட்டும்."

போனேன். நடுவர் அமெரிக்கர். குதிரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒவ்வொரு வித்தைக்கும் மார்க் சொல்வார். அந்தந்த ஆளுக்குரிய வரியில் நான் எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை.

முதல் குதிரைக்கு அன்று மனசு சரியில்லை. சறுக்கச் சொன்னால் நடந்தது. சுற்றச் சொன்னால் யோசித்தது. மைனஸ் மைனஸாக எழுதித் தள்ளினேன். முடிந்ததும் நடுவர் என் பக்கம் திரும்பி, எல்லாம் எழுதியாயிற்றா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நானும் மரியாதையாக, நம் ஊர் வழக்கப்படி, தலையை இப்படியும் அப்படியுமாக ஆட்டினேன். (ஆச்சு சார் என்று அர்த்தம்.)

அவர் பெருமூச்சு விட்டு, அத்தனை மார்க்கையும் முதலிலிருந்து மறுபடி சொன்னார்.

பெரியவர் சொல்லும்போது நானா குறுக்கே பேசுவேன்? அடுத்த வரி காலியாக இருந்தது. அதில் எழுதிவிட்டேன். ஆள் வருமுன்பே மார்க்கா, பரவாயில்லையே, நம் ஊர் மாதிரிதான் என்று சந்தோஷம்கூடப் பட்டேன். அந்த அடுத்த ஆள், என் முதலாளி!

அவர் வந்தார். குதிரை பம்பரமாகச் சுற்றியது. அந்த மார்க்கை அதற்கும் அடுத்த வரியில் போட்டேன். மறுபடி சொல்லிச் சொல்லி மாளாது என்று நினைத்தாரோ என்னவோ, நடுவர் அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் கேட்கவில்லை. இப்படியே எல்லோருடைய மார்க்கும் ஒரு படி கீழே இறங்கியது. கடைசியில் ஒரு வரி மார்க் மிஞ்சியது. அதற்கு ஆள் இல்லை. (லேட்டாக வருவார் என்று நினைத்துக்கொண்டேன்.)

மைக்கில் முதல் ஆளோடு சேர்த்து முதலாளிக்கும் கடைசி இடம் என்றார்கள். தொப்பியோடு பாய்ந்து வந்தார். நடுவர் என்னைக் காட்டி, "எழுதினாயா என்று கேட்டேன், இல்லை என்று தலையாட்டினான், திரும்பச் சொன்னேன்" என்றார்.

முதலாளி என்னைப் பார்த்தார். "எப்படிப்பா ஆட்டுனே? ஆட்டிக் காட்டு பாக்கலாம்."

ஆட்டினேன். தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். அப்புறம், பாலைவனத்தின் நடுவே ஓர் அமெரிக்கருக்குத் தமிழ்த் தலையைப் பற்றிப் பாடம் நடந்தது. மார்க்குகள் ஒரு படி மேலே ஏறின. கோப்பை முதலாளி கைக்கு வந்தது.

முதலாளியின் காரில் ஷார்ஜாவுக்குள் திரும்பும்போது, ரோலா சிக்னலில் மெல்ல ஆரம்பித்தேன். "சார், லீவு..."

அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே தலையை இப்படியும் அப்படியுமாக ஆட்டினார்.

"சார், கிடைக்குமா, கிடைக்காதா?"

"இப்பத் தெரியுதா, அந்த வெள்ளைக்காரன் பட்ட பாடு?"

லீவு கிடைத்தது. கூடவே முதலாளியும் கல்யாணத்துக்கு வந்து, மைக்கைப் பிடித்து, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி இந்தக் கதையைச் சொன்னார். அன்றிலிருந்து மாமனார் வீட்டில் என் தலையை யாரும் நம்புவதில்லை. இன்னொரு தோசைக்குக்கூட வாயால் சொன்னால்தான் கரண்டி நகரும்.

இதை எழுதட்டுமா என்று மனைவியிடம் கேட்டேன்.

"எழுதுங்க. சரியான வரியில."