சின்னக்குட்டி வகுப்பில் வாயைத் திறந்தாள்

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு என் முழங்கால் நீங்கலாக அனைவரும் நலம். அங்கு நீயும், மாமாவும், மாமாவின் கோபமும் நலமா?

முழங்கால் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் பெரிய செய்தி: நம் சின்னக்குட்டி வகுப்பில் பேசிவிட்டாள்! இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து பள்ளியில் அவள் வாயே திறக்கவில்லை என்று உனக்குத் தெரியும். ஊரில் பழைய பள்ளியிலும் அப்படித்தான், ஆனால் அங்கே இதற்காகவே அவளைக் கொண்டாடினார்கள். அடக்கமான பெண் என்று பிள்ளைகள் அவள் பக்கத்தில் உட்காரச் சண்டை போட்டார்கள். இங்கேயோ அவளுக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்து ஒரு பையன் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறானாம். டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "வீட்ல ஏதாவது பிரச்சனையா?" என்றார். நானும் பயிற்சி கொடுத்துப் பார்த்தேன். லிஃப்டில் யார் ஏறினாலும் வணக்கம் சொல்லச் சொன்னேன். அவள் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள, நானே சொல்லிச் சொல்லி, இப்போது கட்டடம் முழுக்க எனக்குச் சிநேகிதம். மேல்மாடிக்காரரின் சோபாவைச் சுமந்து இறக்கியதும் நான்தான்.

நேற்று பெற்றோரை வரச் சொல்லியிருந்தார்கள். சீக்கிரமே போய், மூடிய வகுப்புக் கதவுக்கு வெளியே ஒரு குட்டி நாற்காலியில் என்னைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்தேன். உள்ளே டீச்சர் கேட்டார்: "ஒருத்தர் யார்கூடவும் பேசாம தனியா உக்காந்திருந்தா என்ன நினைப்பீங்க?"

"பாவம்!" "பயந்தாங்கொள்ளி!" "யாரோ அடிச்சிருப்பாங்க!" ஒரே கூச்சல். அப்போது கணீரென்று ஒரு குரல்: "எங்க பழைய ஸ்கூல்ல அப்படி இருந்தா நல்ல பொண்ணுன்னாங்க. இங்க பாவம்னு சொல்றீங்க. நான் அதே ஆளுதானே? எனக்கு எல்லாத்தையும் நல்லாப் பாத்துட்டு அப்புறமாப் பேசத்தான் பிடிக்கும்!"

கேட்டாயா, அக்கா! பிறகு ஒரு பிள்ளை, "எனக்கும் அப்படித்தான்" என்றது. இன்னொன்றும். வீட்டில் அவள் பேசுவது ஃப்ரிட்ஜ் சத்தத்திலேயே அமுங்கிவிடும். அவளுக்கு இப்படியொரு குரலா! துள்ளி எழுந்தேன். நாற்காலியும் என்னோடு எழுந்தது. இருவரும் சேர்ந்து செருப்பு அலமாரி மேல் விழுந்தோம். முழங்கால் சமாச்சாரம் இதுதான். வலியாவது ஒன்றாவது! முழங்காலில் கட்டுப் போட்டதும் நொண்டிக்கொண்டு வந்து எழுதுகிறேன். இனி யாராவது அவளை ஊமை என்று சொல்லட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

மாமாவுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசிகள். எல்லோரும் குரல் செழித்து வாழ்க!

உன் பிரியமுள்ள தம்பி.

பி.கு.: கடிதத்தைச் சின்னக்குட்டிக்குப் படித்துக் காட்டினேன். என் காதருகே வந்து சொன்னாள்: "அப்பா, அது நான் இல்ல. பக்கத்துல உக்கார்ற ரெட்டைச்சடைக்காரி. நான் அவ காதுல சொன்னேன், அவ சத்தமாச் சொன்னா. நாளைக்கு அவ நம்ம வீட்டுக்கு விளையாட வர்றா. நீங்க ரொம்பப் பேசாதீங்க."