குளியல் தொட்டியில் ஒரு படகு

இதைச் சரியாகச் சொல்வேனா என்று பயமாக இருக்கிறது. நடுநிலைப் பள்ளியோடு படிப்பை விட்டுவிட்டு மீன் உலர்த்தும் கொட்டகைக்கு வேலைக்குப் போனவள் நான். கொஞ்சம் பிசகினாலும் என் வீட்டுக்காரர் யசுமாசாவை முட்டாள் என்று நினைத்துவிடுவீர்கள். அவர் முட்டாள் இல்லை. கணவர், அவ்வளவுதான்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் பழைய ரப்பர் படகு ஒன்றை வாங்கி வந்தார். முன்னறையில் வைத்து, மிதிபம்பை மிதித்துக் காற்றடித்தார். காலையில் கோபித்துக்கொண்ட குழந்தையின் கன்னம் மாதிரி உப்பியிருந்தது. சாயங்காலம் பல்செட்டைக் கழற்றிய கன்னமாகிவிட்டது.

"ஏங்க, ஓட்டைப் படகுலயா கடலுக்குப் போறீங்க?"

"ஓட்டை இல்ல ஃபுசாகோ, மெதுவா மூச்சு விடுது. நீயும்தான் மூச்சு விடுற. உன்னை வீட்ல வெச்சுக்கலயா?"

"நான் உங்களைச் சுமந்துகிட்டு நடுக்கடல்ல மிதக்கலையே!"

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து வேற என்ன பண்ணிக்கிட்டிருக்க?"

இப்படிப் பேசுகிற மனிதரிடம் எப்படிச் சண்டை போடுவது? பக்கத்து வீட்டு இவாசேயிடம், ஞாயிற்றுக்கிழமை பிடிக்கும் கிசு மீனில் பங்கு தருவதாக வாக்கும் கொடுத்துவிட்டார். அவருக்கு நீச்சல் தெரியாது. மிதவைச் சட்டை உண்டு. ஆனால் அதன் வார் அவர் வயிற்றைச் சுற்றி வராது.

எங்கள் வீட்டில் தொட்டி வெந்நீரில் முதலில் அவர் இறங்குவார். அதே நீரில் அப்புறம் நான். அன்றைக்கோ முதல் மரியாதை படகுக்கு. பாதிக் காற்றோடு அதைத் தொட்டிக்குள் திணித்தார். குமிழி வரும் இடம்தான் ஓட்டையாம். அடையாளம் போடச் சாக்பீஸ் எடுக்கப் போனார்.

அந்த நேரத்தில் எனக்கு ஒரு புத்தி வந்தது. முதுகுவலிக்காக நான் குளிக்கும் நீரில் போடுகிற, புஸ்ஸென்று பொங்கும் மாத்திரைகள் அலமாரியில் இருந்தன. இரண்டை எடுத்துத் தொட்டியில் போட்டுவிட்டேன். எங்கு பார்த்தாலும் குமிழி வந்தால் ஆசையை விட்டுவிடுவார் என்று கணக்கு.

"ஐயையோ ஃபுசாகோ! உடம்பெல்லாம் ஓட்டை!"

"பாவம். தூக்கிப் போட்டுடலாமா?"

"தூக்கிப் போடறதா? இத்தனை ஓட்டையை வெச்சுக்கிட்டு இவ்வளவு நேரம் காத்தைப் பிடிச்சு வெச்சிருக்கே, இதுவல்லவா வீரம்! ஆமா, ஏன் எலுமிச்சை வாசனை வருது?"

"வீரத்தோட வாசனையா இருக்கும்."

வட்டம் வட்டமாகச் சாக்பீஸால் குறித்து, காயவைத்து, எல்லா இடத்திலும் பசை தடவி ஒட்டினார். முதுகெல்லாம் வலி பிளாஸ்திரி போட்ட கிழவர் மாதிரி ஆனது படகு. மறுநாள் சாயங்காலம் மறுபடியும் கன்னம் தொங்கியது.

"பசை இறுகுது, அதான் கொஞ்சம் சுருங்குது. ஞாயித்துக்கிழமை கிளம்பறேன்" என்றார்.

என் தந்திரத்தால் வந்த வினை. முன்பு எங்கே ஓட்டை என்று தேடிக்கொண்டாவது இருந்தார். இப்போது எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பிக்கொண்டு போய் மூழ்குவார்.

அவர் முடிவெட்டப் போன நேரத்தில், பாத்திரம் தேய்க்கும் சோப்பு நுரையைப் படகு முழுவதும் தடவிப் பார்த்தேன். அத்தனை ஒட்டிலும் ஒன்றும் இல்லை. காற்றடைக்கும் மூடியின் ஓரத்தில் மட்டும் நண்டு நுரை கக்குவது போல் பொங்கியது. மூடியைத் திருகி எடுத்தேன். உள்ளே ரப்பர் வளையத்துக்கு அடியில் ஒரு மணல் பருக்கை. துடைத்து மூடினேன். மறுநாள் மாலை வரை கன்னம் தொங்கவே இல்லை.

"பார்த்தியா? பசை இறுகிடுச்சு!" என்று குதித்தார். மிதவைச் சட்டையின் வாரோடு என் பழைய கிமோனோ பட்டையை இணைத்து நீளமாகத் தைத்துக் கொடுத்தேன். அப்போதும் பயம் தீரவில்லை. காற்று நிற்கும். இந்த மனுஷர் எங்கே நிற்பார்?

ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்கு நானும் போனேன். அவர் தூண்டில்காரர்களிடம் பெருமை பேசிக்கொண்டிருந்தபோது, படகின் மூக்கு வளையத்தில் துணி காயப்போடும் கயிற்றின் ஒரு முனையைக் கட்டினேன். துடுப்பு போடுகிறவர் கரையைப் பார்த்து உட்காருவார், மூக்கு அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும். கயிறு மேலே தெரியாமலிருக்க, ஊறுகாய்த் தொட்டியில் பாரமாக வைக்கும் கல்லை நடுவில் கட்டி நீரில் அமிழ்த்தினேன். மறுமுனையைக் கரையிலிருந்த இரும்பு வளையத்தில் முடிந்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

துடுப்பு போட்டார். போட்டார். போட்டுக்கொண்டே இருந்தார்.

"ஃபுசாகோ! எவ்வளவு தூரம் வந்துட்டேன் பாரு!"

"அம்மாடி! புள்ளி மாதிரி தெரியறீங்க!" என்றேன். கத்த வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

ஆனால் கிசு மீன் கரையோர மணலில் மேய்வதுதானே? வாளி நிறையப் பிடித்து வந்தார். மறுநாள் எங்கள் கொல்லையில் நின்று இவாசேயிடம் மீனைக் கொடுத்தபடி சொன்னார்:

"என்னா நீரோட்டம்ங்கிற! நானா இருக்கவே ஒரே இடத்துல தாக்குப்பிடிச்சேன். வேற ஆளா இருந்தா இந்நேரம் அடிச்சுக்கிட்டுப் போயிருக்கும்."

"அப்படியா அக்கா?" என்று இவாசே என்னைப் பார்த்தாள்.

"ரொம்பப் பலமான நீரோட்டம்" என்றேன். எங்களுக்குப் பின்னால் அந்த நீரோட்டத்தின் மேல் அவருடைய சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன.