வரதன் கம்பெனி எங்க கீது?

கும்மிடிப்பூண்டி

மகள் ஏஞ்சலினுக்கு உன் பெரியம்மா ரோசம்மாள் ஆண்டவர் கிருபையால் எழுதிக்கொள்வது. நான் இங்கே சுகம். முட்டி மட்டும் சுகமில்லை. நீ பெங்களூரில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். போன் போட்டால் "மீட்டிங் பெரியம்மா" என்கிறாய், அதனால் எழுதுகிறேன். பக்கத்து ஊட்டு ஷைனி இதை போட்டோ புடிச்சு உனக்கு அனுப்புவாள்.

விஷயம் இன்னான்னா, நீ எங்க கேன்டீனுக்குப் போட்டுக் குடுத்த வெப் ஆப்பு. கம்பெனிங்க அதுல ஆர்டர் போட்டா எங்க அடுப்படி டிவியில பேர் வரும், நாங்க சமைச்சு வண்டியில ஏத்துவோம், நல்லாத்தான் போய்க்கினு இருந்துச்சு. போன வாரம் வெங்காயம் வெட்டிக்கினே நிமிந்து பாக்கறேன், டிவியில "வரதன், மீன் கொழம்பு சாப்பாடு, நூறு"ன்னு கீது. உங்க பெரியப்பா பேரு. அவரு போயி வருஷம் ஆகப்போவுது. எனக்குக் கண்ணுல தண்ணி. வெங்காயம் வெட்டுறதால யாரும் இன்னான்னு கேக்கல. சூப்பர்வைசர் பூவராகவன் சார் மட்டும் "சிப்காட்ல வரதன்னு புதுக் கம்பெனி வந்துகீது, மொத ஆர்டரே நூறு, மீன் துண்டு பெருசாப் போடுங்க"ன்னு குதிக்கிறாரு. ஊருல வரதன்னு ஒருத்தர்தானா கீறாரு? நானும் மொளகா அரைக்கப் போயிட்டேன்.

வண்டிக்கார சின்னராசு ஒவ்வொரு கேட்டா நின்னு "வரதன் கம்பெனி எங்க கீது?"ன்னு கேட்டுகீறான். ஒரு வாட்ச்மேன், நேராப் போயி லெப்ட்ல திரும்புன்னு சொன்னாராம் பாரு, இல்லாத கம்பெனிக்கு வழி! கடைசியில ஆர்டர்ல இருந்த நம்பருக்குப் போட்டான். என் இடுப்புல இருந்த பெரியப்பா போன் அடிக்குது.

"வரதன் சார் கீறாரா?"

"அவரு போயிட்டாருப்பா."

"எப்ப வருவாரு?"

"வரமாட்டாரு."

"அப்ப சாப்பாட்ட யாரு எறக்கிக்குவா? ஆறிக்கினு கீது. ஐய, ரோசக்கா கொரலு மாதிரி கீதே!"

"நான்தாண்டா. புதுவாயல் கூட்ரோட்டுல ஷிப்டு முடிஞ்சு பஸ்சுக்கு நிக்கற ஜனத்துக்குக் குடுத்துட்டு வா."

எப்படி என் வாயில வந்துச்சோ. ஒடிசா பசங்க, பீகார் பசங்க எல்லாம் கையைக் கழுவிக்கினு "இன்னா விசேஷம்"னு கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டாங்களாம். வருஷ நினைவுக்கு ஜெபம் போதும், சாப்பாடு வேணாம்னு உங்கப்பா சொல்லிட்டாரு, நானும் தலையாட்டிட்டேன், இப்படி ஆயிடுச்சு.

முதலாளி கத்துன கத்து பொன்னேரிக்கே கேட்டிருக்கும். அப்புறம் நீ பூவராகவன் சாருக்கு வெளக்கம் சொன்னியாமே. ஒத்திகைக்கு ஒரு டேட்டாபேஸ், நெசத்துக்கு ஒரு டேட்டாபேஸ், ஆப்பு நெசத்துல சேந்துகீறது தெரியாம, ஒத்திகைன்னு நெனச்சுப் பெரியப்பா பேரையும் நம்பரையும் போட்டுட்டேன்னு. அம்மாம் பேர் இருக்க அவரு பேரை ஏன் போட்டேன்னு நான் கேக்கல. உனக்கும் அவரு நெனப்பு வந்திருக்கும்.

ஆனா வேற ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. அந்த டேட்டாபேஸு எங்கதான் கீது? டிவி பின்னாடி எட்டிப் பாத்தேன், கரண்டு ஒயரும் ஒரு பல்லியுந்தான். நீ பெங்களூர்ல அழுத்துனது எங்க அடுப்புக்கு எப்படித் தெரிஞ்சுது? உள்ள போன பேரு, யாராச்சும் எடுக்கற வரைக்கும் அப்படியே இருக்குமாமே, மழை வெயில்னு ஒண்ணும் ஆவாதா? ஏன் கேக்கறேன்னா, தெனமும் காலையில "வரதன், மறுபடி ஆர்டர் வேண்டுமா?"ன்னு டிவியில வருது. எனக்கு வேலையே ஓடல. இந்தக் கடுதாசி கண்டதும் அந்தப் பேரை எடுத்துடும்மா.

கர்த்தர் உன்னையும் நீ அழுத்துற பட்டனையும் காப்பாராக.

இப்படிக்கு,
பெரியம்மா ரோசம்மாள்

பின்குறிப்பு: மேல கீறது நேத்து ராத்திரி எழுதினது. இப்ப ஷைனி போனத் தூக்கிக்கினு வந்துட்டா, அதுக்குள்ள ஒண்ணு. பேரை எடுக்காத. இன்னிக்கு அது கேட்டப்போ பூவராகவன் சார் டீக்குப் போயிருந்தாரு. நானே அவரு கம்ப்யூட்டர்ல "ஆமா"ன்னு அழுத்தி, நூற அழிச்சுட்டு ஒண்ணுன்னு போட்டேன். முதலாளிக்கு நஷ்டமில்ல, அது எனக்குக் குடுக்கற மத்தியானச் சாப்பாடு. நான் ஊட்டுல இருந்து கஞ்சி கொண்டாந்துக்கறேன். புதுவாயல்ல யாருக்குன்னு சின்னராசு பாத்துக்குவான். மீன் துண்டு பெருசா வெச்சுத்தான் அனுப்பினேன்.