ஆடிக் கூழும் போட்டோ பாஸும்

போன ஆடியில் கூழ்க் குண்டான் பக்கம் போவதில்லை என்று முடிவெடுத்தேன். பன்னிரண்டு வருஷமாகப் போயாயிற்று. அச்சரப்பாக்கத்தில் மாமியார் வீட்டார் அம்மனுக்குக் கூழ் படைத்தால், ஊருக்கெல்லாம் மொண்டு ஊற்ற வேண்டியவர் மூத்த மாப்பிள்ளை. நான்தான் மூத்தவன். என் இடுப்பு எனக்கும் மூத்தது.

அதே சனி ஞாயிறு மாமல்லபுரம் கடற்கரையில் இசை விழா. போட்டோ எடுக்க எனக்கு பாஸ் கிடைத்திருந்தது. நன்றாக வந்த ஒரு படத்தை அடுத்த வருஷ போஸ்டரில் போடுவார்கள், எடுத்தவர் பெயரோடு. இருபது வருஷமாக என் பெயர் செங்கல்பட்டு ஆபீஸ் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது. அந்த போஸ்டர் எனக்கு வேண்டும்.

மனைவி ரோகிணியிடம் மென்று விழுங்கிச் சொன்னேன்.

"அப்போ கூழு?"

"பாஸ் குடுத்துட்டாங்க ரோகிணி. போவலன்னா மரியாத இல்ல."

"செரி, போய்ட்டு வாங்க."

சண்டை இல்லை. அழுகை இல்லை. கல்யாணமான எவனும் அங்கேயே சந்தேகப்பட்டிருப்பான். நான் பேட்டரிக்கு சார்ஜ் போட்டேன்.

சனிக்கிழமை வெயிலில் பாதி உயிர் போனது. எடுத்த படத்திலெல்லாம் மைக்தான் தெரிந்தது. பாடியவர் முகம் அதற்குப் பின்னால். ஞாயிறு மாலை நாகஸ்வரக் கச்சேரியைத்தான் நம்பியிருந்தேன். வித்வான் மேடையேறினார். கேமராவைத் தூக்கினேன். தோளில் ஒரு கை விழுந்தது. மைத்துனன் சடையப்பன்.

"மாமா, வண்டி கேட்டாண்ட நிக்குது. எறக்கலாம் வா."

"இன்னா வண்டி?"

பின்னாலேயே ரோகிணி. "காலைலயே அம்மனுக்குப் படைச்சாச்சு. உங்க கையால ஊத்தணும்னுதான வேண்டுதலு? அதான் ரெண்டு குண்டான் இங்க எடுத்தாந்துட்டோம். விழாக்காரங்ககிட்ட நேத்தே கேட்டுட்டேன்."

"கச்சேரி ஆரம்பிச்சிட்டாங்க! போட்டோ?"

"அத்த இப்டி குடுங்க. கூழு பட்டுறப் போவுது."

கேமரா போனது. சொம்பு வந்தது. கூட்டம் கச்சேரியை விட்டுக் கூழுக்கு வரிசை கட்டியது. "அண்ணாத்த, இன்னும் கொஞ்சம்" என்றவர்களுக்கெல்லாம் குனிந்து குனிந்து ஊற்றினேன். அழுகையே வந்துவிட்டது. வெங்காயம் என்று சமாளித்தேன்.

வீட்டுக்கு வந்து படுத்தவன் இரண்டு நாள் எழவில்லை. படங்களை விழாக்காரர்களுக்கு அனுப்பியதுகூட அவள்தான்.

போன வாரம் போஸ்டர் வந்தது. நடுவில் நானே நிற்கிறேன். கழுத்தில் பாஸ், கையில் சொம்பு, பேன்ட்டெல்லாம் கூழ்.

கீழே பெயரும் இருக்கிறது. "படம்: ரோகிணி."